பழைய பதிப்பில் இரண்டு கடிகாரங்கள்

நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஜோசியத்தைக் கேலி செய்தே நம்மூர்த் தமிழ்ச் சங்க மலர்களில் வருஷா வருஷம் பக்கம் நிரப்பி வருகிற நான், போன குளிர்காலம் முழுக்கக் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் ஒரு ஜோசியப் புத்தகத்தைத் தேடி அலைந்தேன். அதுவும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற புத்தகம். பதிப்பு மட்டும்தான் வேறு. வீட்டில் இருப்பது புதிய பதிப்பு. நான் தேடியது அதற்கு முந்தியது. கடைசியில் கிடைத்தது. கொண்டுவந்து பழைய கரண்ட் பில்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அறுபது தாண்டிய ஆண்பிள்ளை ஒளித்து வைக்கிற புத்தகத்தில் என்ன இருக்கும் என்று என் மனைவி என்னவெல்லாம் நினைத்தாளோ தெரியவில்லை. எடுத்துப் பிரித்தாள். உள்ளே வரிசை வரிசையாக எண்களும் கிரகங்களின் பெயர்களும். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம் என்றுதான் எனக்குப் பட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு நம் சின்ன வயதுக் கல்கத்தாவை நான் விவரிக்க வேண்டியதில்லை. துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்களைத் தெருவோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். அவற்றில் ஏறிக் குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வதற்கென்றே ஐப்பசி மாசம் வரும். மாலையானால் கரி அடுப்புப் புகை தெருவில் இறங்கி, விளக்குக் கம்பங்களின் இடுப்பு வரை நிற்கும். அப்புறம் கரண்ட் போகும். லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் பாதியில் நிற்கிற ஓசையை வைத்தே, "போயிடுத்து" என்று அம்மா அரிக்கேன் விளக்கைத் தேடுவாள். அந்த மாதிரி ஒரு பருவத்தில்தான் எங்கள் அத்தைக்கு வரன் வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தாத்தா கல்கத்தாவுக்கு வந்து வேலைக்கு அமர்ந்த பிறகு இந்த ஊரிலேயே பிறந்தவள். யுத்தம் முடிந்த கையோடு பிறந்தாள் என்று சொல்வார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் ஆபரேட்டர். வேலையிலிருந்து திரும்பும்போது, காதில் மாட்டுகிற கருவியின் பட்டை அவள் தலைமுடியில் ஒரு பள்ளம் போட்டிருக்கும். எவ்வளவு வாரினாலும் அது போகாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஞாயிற்றுக்கிழமைகளில்கூட இருக்கும். நான் விரலால் அந்தப் பள்ளத்தில் ரயில் ஓட்டுவேன். "ஹலோ கல்கத்தா, ஹலோ கல்கத்தா" என்று சொல்லி அவளும் ரயில் மாதிரி சீட்டியடித்துக் காட்டுவாள்.

வரன் முறையாக வரவில்லை என்பதுதான் அப்பாவுக்கு முதல் மனத்தாங்கல். பீகார்ப் பக்கம் ஒரு இரும்பாலை ஊரில் வேலை பார்க்கும் பையன். அம்மா அப்பாவுக்குப் பூஜை காட்டக் கல்கத்தா அழைத்துவந்தவன், யாரையோ விசாரித்து எங்கள் வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்டான். ஜாதகம் வருவதற்கு முன்னால் மனுஷர்கள் வந்துவிட்டார்கள். அம்மா அவசரமாக ரவை கிளறினாள். எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் அத்தையை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நம்பரைத் தமிழ்ல முணுமுணுத்துண்டே சுத்துவேளே, அது நீங்கதானே?"

அத்தை காது மடல் சிவந்து நின்றாள். அப்பா ரவைக் கரண்டியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார். பிறகுதான் விஷயம் புரிந்தது. அவன் ஆபீஸிலிருந்து கல்கத்தாவுக்கு வருகிற டிரங்க் கால்களை இந்தப் பக்கம் இணைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அத்தைதான். இங்கிலீஷில் பேசுவாள், இந்தியில் பேசுவாள், பெங்காலியில் சண்டை போடுவாள். ஆனால் எண்களைச் சுழற்றும்போது மட்டும் வாய்க்குள் "நாலு, ஏழு, ரெண்டு" என்று தமிழ் வந்துவிடும். நம் எல்லோருக்கும் அப்படித்தானே? இந்த ஊரில் மூன்று தலைமுறை இருந்தவர்களும் சில்லறையைத் தமிழில்தான் எண்ணுகிறார்கள். அந்த முணுமுணுப்பை ஒருத்தன் அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"பேசறதெல்லாம் உண்டா?" என்று அம்மா சமையலறையில் ரகசியமாகக் கேட்டாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமான்னு கேட்பேன் மன்னி. அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன சொல்வான்?"

"நீட்டுங்கோம்பான்."

ஜாதகம் வாங்கிப் போனார்கள். இங்கே லேக் மார்க்கெட் ஜோசியரும் பார்த்தார். அத்தைக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். பையன் ஜாதகம் சுத்தம். நம் வீடுகளில் இதற்கு மேல் பேச்சு கிடையாது, உங்களுக்குத் தெரியும். எட்டில் செவ்வாய் இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று சொல்லிப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பையன் வீட்டில் முரண்டு பிடித்திருக்கிறான். அவன் அப்பா கல்கத்தா வந்த யாரிடமோ சொல்லியனுப்பினார்: "பெண் அங்கே பிறந்தவள். கணக்கை மெட்ராஸுக்குப் போட்டிருக்கப் போறா. இன்னொரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கோ. மாறினா எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை."

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். முகம்கூட எனக்கு நினைவில்லை. மூக்குப்பொடி வாசனை மட்டும்தான்.

அப்பா அரசாங்கக் கணக்கு ஆபீஸில் அதிகாரி. ஜோசியரைவிடத் தனக்குக் கூட்டல் கழித்தல் நன்றாக வரும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையில் தவறில்லை. "ஜாதகம் கணிக்கறதுங்கறது என்ன, அட்டவணை பார்க்கறதுதானே? நானே போடறேன்" என்றார். அதற்கான அட்டவணைப் புத்தகம் இங்கிலீஷில் உண்டு, பழைய பிரதி காலேஜ் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை வாசல் வரை வந்தாள். எப்போதும் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டாதே என்று எனக்குச் சொல்லியனுப்புகிறவள், அன்றைக்கு அதை மறந்துவிட்டாள். வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் விளையாடிக்கொண்டிருந்தாள்.

தகரக் கூரை போட்ட அந்தப் பெட்டிக்கடைகளில் ஒன்றில் புத்தகம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நீல ரெக்ஸின் அட்டை போட்டது, புதிய பதிப்பு. யாரோ வாங்கித் திறக்காமலே விற்றது போல மொறமொறவென்று இருந்தது. இன்னொன்று சிவப்புத் துணி அட்டை, பழைய பதிப்பு. முதுகு பிய்ந்து, நடுவே கரையான் ஒரு துவாரம் குடைந்து, மழைக்கால டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி வாசனை.

"ஏடா நின், ஸார். ஏக்தம் நூதொன்" என்றார் கடைக்காரர், நீலத்தை முன்னால் தள்ளி. அப்பாவின் பார்வை ஒரு கணம் சிவப்பின் பக்கம் போனதும், அதே மூச்சில், "ஓடா-ஓ பாலோ" என்று அதற்கும் நற்சான்று கொடுத்தார். இது புத்தம் புதிது, அதுவும் நல்லது. வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அப்பா நின்றபடியே நீலத்தைப் புரட்டினார். கல்கத்தாவின் அட்சரேகைக்குத் தனியாக லக்ன அட்டவணை இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, ஊர்க்கணக்கு இதுல தனியா இருக்கு" என்றார் என்னிடம், எனக்கு என்னவோ புரிகிற மாதிரி. நான் அதற்குள் சிவப்பை மடியில் வைத்துக்கொண்டு, துவாரத்தின் வழியாக டிராம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்களில் ஒரு படம் வந்தது. இரண்டு கடிகாரங்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் கீழே ரயில்வே என்றும் மற்றதன் கீழே கல்கத்தா என்றும் இங்கிலீஷில் போட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு மணி காட்டின. எனக்கு அப்போதுதான் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு கடிகாரம் தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அப்பா, இதுல ரெண்டு கடிகாரம் போட்டிருக்கு. ஒண்ணு தப்பா ஓடறது."

"கீழே வை அதை. கரையான் சட்டையில ஏறும்."

அவர் நீலத்தை வாங்கினார். டிராமில் திரும்பும்போது எனக்கு ஒரு பாடமும் நடந்தது. புத்தகம் வாங்கினால் எப்போதும் கடைசிப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். முந்தின பதிப்பில் இருந்த பிழைகளையெல்லாம் அதில் திருத்தியிருப்பார்கள். புது சர்க்குலர் வந்தால் பழையதை எடுத்து எறிந்துவிடுகிற ஆபீஸில் அவர் வேலை பார்த்தார். இருபது வருஷ உத்தியோகம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் எனக்குச் சொன்னார். புதிய பதிப்பில் பிழைகளோடு வேறு சிலவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்பது ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

"பழசும் இருந்துதாமே, ரெண்டையும் வாங்கியிருக்கலாமே" என்றாள் அம்மா.

"ஒரே புஸ்தகத்தை ரெண்டு தடவை வாங்க நான் என்ன பைத்தியமா?"

ஆகவே எங்கள் வம்சத்தில் அந்தப் பைத்தியம் நான்.

அப்பா ஒரு வாரம் சாயங்காலங்களில் கணக்குப் போட்டார். அரிக்கேன் வெளிச்சத்தில், தலையில் குரங்குக் குல்லாய், முழுப் பக்கத் தாள்கள், சீவிச் சீவி விரலளவாகிப்போன பென்சில். கீழ் வீட்டு வங்காளி மாஷிமா ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் பலகாரம் கொடுத்தனுப்பினாள். அதன் புகை கலந்த இனிப்பு இன்றைக்கும் நாக்கில் பட்டால் எனக்கு வகுத்தல் கணக்கு ஞாபகம் வருகிறது. அத்தை அந்தப் பக்கமே வரமாட்டாள். ஆனால் பக்கத்து அறையில் புடவை மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மனுஷியிடம் இருந்ததே ஏழெட்டுப் புடவை. அதை ஒரு வாரமாக மடித்தாள்.

முடிவில் அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். முகத்தில் வெளிச்சம். நாங்கள் எல்லோரும் நல்ல செய்தி என்று நினைத்தோம்.

"ஜோசியர் போட்டது கரெக்ட். ஊர்க்கணக்கு திருத்தியும் அதே லக்னம்தான். லக்னத்தோட ஆரம்பத்துல நிக்கறது, ஆனா அதேதான். எட்டுல செவ்வாய். துளி பிசகல."

கணக்குச் சரியாக வந்த சந்தோஷம் அது. அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வெளிச்சம் மெல்ல, கரண்ட் போகிற மாதிரி இல்லாமல், திரி இறக்கின மாதிரி இறங்கியது. பக்கத்து அறையில் மடிக்கிற சத்தம் நின்றது. அத்தை வந்து, "டியூட்டிக்கு நாழியாச்சு அண்ணா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அப்பா இரும்பாலை ஊருக்கு உண்மையை எழுதிப்போட்டார். உண்மை என்றுதான் அவர் நினைத்தார்.

அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. செவ்வாய்க்குச் செவ்வாய் பொருத்தமாக ஒன்றிரண்டும் வந்தன. அத்தை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னாள். பிறகு காரணம் சொல்வதை நிறுத்தினாள். பிறகு நாங்கள் கேட்பதையும் நிறுத்தினோம். நீலப் புத்தகத்தை அப்பா மறுபடி தொட்டு நான் பார்க்கவில்லை. ரேடியோவுக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். செய்திகள் வாசிக்கும்போது அதுவும் சேர்ந்து அதிரும்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இது கிளம்பியது டாக்குரியா ஏரிக் கரையில். காலை நடையில் என்னோடு மூச்சு வாங்குகிற ஒரு வங்காளிப் பெரியவர். எல்லாவற்றையும் குறைசொல்கிறவர், அதனாலேயே எனக்குச் சிநேகிதர். ஒருநாள் ஸ்டேஷன் பக்கம் பார்த்து, "எங்கள் சின்ன வயதில் இந்த நகரத்துக்குச் சொந்தமாக ஒரு நேரம் இருந்தது தெரியுமா?" என்றார். "ரயில்வே கடிகாரத்தைவிட ஊர்க் கடிகாரம் அரைமணிக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் ஓடும். சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் வரைக்கும் இருந்தது. பிறகு அதையும் டில்லிக்காரன் எடுத்துக்கொண்டான்."

நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். அவர் அடுத்து மீன் விலைக்குப் போய்விட்டார். கரையானின் துவாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள் எனக்குள் ஓட ஆரம்பித்தன.

அப்பா இடத்தைத் திருத்தினார். அட்டவணை போட்டது ரயில்வே நேரத்துக்கு, அதாவது இன்றைய இந்திய நேரத்துக்கு; தாத்தாவின் கடிகாரம் ஊர் நேரம் காட்டியிருந்தால் அதையும் திருத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பக்கம் பழைய பதிப்பில் இருந்தது. ஒழிந்துபோன ஒரு நேரத்துக்கு எதற்கு இடம் என்று அதை எடுத்துவிட்டு, வரப்போகிற வருஷங்களின் கிரக நிலைகளைப் புதிய பதிப்பில் போட்டிருந்தார்கள். நியாயம்தான். விற்பனைக்கு உதவுவது வரப்போகிற வருஷங்கள்தான்.

அப்புறம் நான் காலேஜ் ஸ்ட்ரீட்டில் அலைந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சிவப்புத் துணி அட்டை கிடைத்தது. கரையான் வேறு பக்கமாகக் குடைந்திருந்தது. அதாவது இது வேறு பிரதி. கடைசிப் பக்கங்களில் இரண்டு கடிகாரங்களும் அப்படியே இருந்தன. இருபத்துநாலு நிமிஷம் வித்தியாசம். அத்தை பிறந்த நேரம் என்று தாத்தா குறித்து வைத்ததிலிருந்து அதைக் கழித்துவிட்டு, அப்பாவின் முறையிலேயே, ஒரு வாரம் சாயங்காலங்களில், நானும் பென்சில் சீவினேன். லக்னம் ஒரு வீடு பின்னால் போயிற்று. செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்து, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு நம்பிக்கை இல்லாத சாஸ்திரம் இது. ஆனால் அன்றிலிருந்து ஒன்று ஆரம்பித்தது. ஹவுரா ஸ்டேஷன் போனால், இரும்பாலை ஊருக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் அத்தை சாயலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். தலைமுடியில் பள்ளம் இருக்காது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே யாராவது தமிழில் சில்லறை எண்ணினால் திரும்பிப் பார்ப்பேன், பிறக்காமல் போன என் அத்தை பிள்ளைகளில் ஒருத்தனோ என்று. செத்தவர்கள் ஆவியாக வருவதில் ஒரு முறை இருக்கிறது. பிறக்காதவர்கள் வருவதற்கு என்ன பரிகாரம் என்று எந்தப் பதிப்பிலும் இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று குளிர் முழுக்க யோசித்தேன். அத்தை இப்போது சால்ட் லேக்கில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறாள். கூடமாட ஒரு பெண் வந்துபோகிறாள். இந்த வயதில் ஒரு மனுஷியிடம் போய், உன் வாழ்க்கையில் ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டது என்று சொல்வதா? சொல்லாமல் நான் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்வதா? இரண்டும் அசிங்கமாகத்தான் பட்டது. கடைசியில் சொல்வது என்று முடிவு செய்ததற்குக் காரணம் நேர்மை அல்ல. தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

போய்ச் சொன்னேன். சிவப்புப் புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டு, இரண்டு கடிகாரங்களையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நான் போட்ட கட்டத்தைப் பார்த்தாள்.

"தாத்தா எந்த மணியைப் பார்த்து எழுதியிருப்பார், அத்தை?"

"ஊர் மணிதான். வந்து இறங்கினதுக்கப்புறம் ரயிலே ஏறாத மனுஷர். அவருக்கு ரயில்வே மணி எதுக்கு?"

பூதக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமோ இது?"

"அப்பா போய்த்தான் எவ்வளவோ வருஷம் ஆச்சே."

"நல்லவேளை" என்றாள்.

மாமியார் வீடு, பிள்ளைகுட்டி என்று ஏதாவது சொல்வாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவனுக்குக் கல்கத்தாப் பொண்ணே அமைஞ்சுடுத்து, தெரியுமோ? பாலிகஞ்ச் பக்கம். பிரசவத்துக்கு அவ இங்க வந்திருந்தா. தினம் சாயங்காலம் கால் புக் பண்ணுவான். நான்தான் போட்டுக் கொடுப்பேன். நம்பரை வாய்க்குள்ள சொல்லாம சுத்தக் கத்துண்டேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நான் இங்கிலீஷ்லன்னா பேசினேன். மூணு நிமிஷம் ஆனா சொல்லணும், இல்லேன்னா வெட்டணும். ரெண்டும் பண்ண மாட்டேன். ஓடட்டும்னு விட்டுடுவேன். ஒரு தடவை மெமோகூடக் கொடுத்தா."

"என்ன பேசுவார்?"

"சீ, ஒட்டுக் கேட்கறது ரூல்ஸுக்கு விரோதம்." சற்றுப் பொறுத்து, "கொழந்தைக்குப் பேர் வைக்கறதுல ஒரே சண்டை" என்றாள்.

கட்டம் போட்ட தாளை நான்காக மடித்து, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். வேலைக்கார மாஷி டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவள், தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் ஒரு நிமிஷம் நின்றாள். நான் லிஃப்டில் இறங்கினேன். ஒரு ஆத்மாவை ஐம்பது வருஷச் சிறையிலிருந்து விடுவித்துவிட்ட மாதிரியும், அதே ஆத்மாவைக் கொன்றுவிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டில் எது என்று தெரியாமல் வீடு வந்து, புத்தகத்தை மறுபடி பில்களுக்கு அடியிலேயே வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து அத்தை போன் செய்தாள். குரலில் எரிச்சல்.

"ஏண்டா, நன்னா யோசிச்சுப் பார்த்தேன். ஆபீஸ்ல பிரமோஷன் போனது, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது, இந்த லிஃப்ட் மாசத்துல பாதி நாள் ஓடாதது, எல்லாத்துக்கும் இத்தனை வருஷமா அந்தச் செவ்வாயைத்தான் திட்டிண்டிருந்தேன். இப்ப நீ வந்து அது இல்லேங்கறே. இனிமே நான் யாரைத் திட்டறது? அந்தப் புஸ்தகத்தைக் கடைக்காரன் திருப்பி எடுத்துப்பானா, கேளு."